வீட்டை உயர்த்திய செலவு வரியில் எங்கே சேரும்?

கேள்வி: ஆடிட்டர் ஐயாவுக்கு வணக்கம். தண்டையார்பேட்டையில் உள்ள எங்கள் வீடு அப்பா 1984-இல் கட்டியது. 2009-இல் என் பேருக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தார். 2016-இல் 14 லட்சம் செலவில் மாடி எடுத்தோம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது வீட்டுக்குள் முழங்காலுக்கு மேல் தண்ணீர். அதனால் 2024 மே மாதம் ஜாக்கி வைத்து வீட்டை மூன்றரை அடி உயர்த்தினோம். அதற்கு 6 லட்சம். கூடவே தளத்து ஒழுகல், பூச்சு வேலை, பெயின்ட், சமையலறை அலமாரி என்று இன்னும் 4 லட்சம். இதற்காக வங்கியில் 8 லட்சம் கடன் வாங்கியிருக்கிறேன். கீழே நாங்கள் இருக்கிறோம், மாடியை மாதம் 11,000 ரூபாய்க்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். என் சம்பளம் ஆண்டுக்கு 9 லட்சம். எல்லாச் செலவையும் வரியில் கழித்துக்கொள்ளலாம் என்கிறார் எதிர்வீட்டு அண்ணன். புதிய வரி முறையில் ஒன்றும் கிடைக்காது, பில்லையெல்லாம் தூக்கிப் போடு என்கிறான் மகன். யார் சொல்வது சரி? நாலைந்து வருடத்தில் விற்றாலும் விற்போம்.
— வாசகி, தண்டையார்பேட்டை

அன்புச் சகோதரி,

மகன் சொன்னதில் முதல் பாதி ஓரளவு சரி. இரண்டாவது பாதியை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். இந்தப் பதிலைப் படித்து முடிக்கும் வரைக்குமாவது அந்த பில்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.

வீட்டுக்குச் செய்த செலவு என்று நாம் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் எழுதுகிறோம். வரிச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. குடியிருக்கும் வீட்டுக்குப் பெயின்ட் அடித்த பணம், அதன் கண்ணில், மளிகைக்கும் துணிமணிக்கும் போன பணம் மாதிரிதான். சம்பளத்திலிருந்து அதைக் கழிக்க, கழிவுகள் அதிகம் உள்ள பழைய வரி முறையிலும் இடம் இல்லை, விகிதம் குறைந்த புதிய முறையிலும் இல்லை. எதிர்வீட்டு அண்ணன் வீட்டுக் கடனுக்குக் கிடைக்கும் சலுகைகளை நினைத்துக்கொண்டு சொல்லியிருப்பார். புது வீடு வாங்கவோ கட்டவோ வாங்கும் கடனுக்கு அசலில் வருமான வரிச் சட்டத்தின் 80சி பிரிவில் சலுகை உண்டு. குடிபோன வீட்டைப் புதுப்பிக்கவோ, பழுது பார்க்கவோ, கூடுதலாகக் கட்டவோ ஆகும் செலவை அந்தப் பிரிவே வெளிப்படையாக விலக்கி வைத்திருக்கிறது. ஆகவே உங்கள் 8 லட்சத்தின் அசலுக்கு ஒன்றும் கிடையாது.

மிச்சம் இருப்பது வட்டி. ஒன்பது சதவீதம் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 72,000 ரூபாய் வரும். செய்த வேலை இரண்டு தளத்துக்கும் பொது, எனவே கீழே 36,000, மேலே 36,000 என்று பிரிக்கலாம். கீழ்த்தளம் நீங்கள் குடியிருக்கும் வீடு. பழுது, புதுப்பித்தல் கடனுக்கு அங்கே கழிக்கக்கூடிய உச்சவரம்பு ஆண்டுக்கு 30,000 ரூபாய்தான், அதுவும் பழைய முறையில் மட்டும். எல்லோரும் சொல்லும் 2 லட்சம் வரம்பு வாங்குவதற்கும் கட்டுவதற்கும் உரியது. இந்த 30,000-மும் அந்த 2 லட்சத்துக்குள் அடக்கம்.

மாடி வாடகை வீடு என்பதால் கணக்கு வேறு. வருடத்துக்கு 1,32,000 வாடகை வருகிறது. மாடியின் பங்குக்கு நீங்கள் கட்டிய மாநகராட்சிச் சொத்து வரி 3,000 என்று வைத்தால் மிச்சம் 1,29,000. இதில் 30 சதவீதம், அதாவது 38,700 ரூபாயை, நீங்கள் பெயின்ட் அடித்தாலும் அடிக்காவிட்டாலும் சட்டமே கழித்துக் கொடுத்துவிடும். பராமரிப்புச் செலவு எல்லாம் அதற்குள் வந்துவிடுகிறது, தனியாக பில் காட்டிக் கேட்க முடியாது. மீதி 90,300-இலிருந்து மாடியின் பங்கு வட்டி 36,000 முழுதாகக் கழியும். வரிக்கு வருவது 54,300. புதிய முறையிலும் இதே கணக்குதான். புதிய முறையில் ஒன்றுமே கிடையாது என்று மகன் சொன்னது வாடகைப் பகுதிக்குப் பொருந்தாது. ஒரு வித்தியாசம் உண்டு. வாடகை வீட்டில் நஷ்டம் வந்தால் புதிய முறையில் அதைச் சம்பளத்தில் ஈடுகட்ட முடியாது. உங்களுக்கு நஷ்டமே வரவில்லை, அந்தக் கவலை வேண்டாம்.

2025-26 நிதியாண்டிலிருந்து புதிய முறையில் 12 லட்சம் வரை உள்ள சாதாரண வருமானத்துக்குத் தள்ளுபடியால் வரியே இல்லை. உங்கள் 9 லட்சம் சம்பளத்தில் 75,000 நிலைக்கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) போய், வாடகை 54,300 சேர்ந்தாலும் அந்த வரம்புக்கு வெகு கீழே நிற்கிறீர்கள். கட்டவேண்டிய வரி பூஜ்யம். அந்த 30,000-த்தைப் பிடிப்பதற்காகப் பழைய முறைக்குப் போனால் கைக்காசுதான் போகும். ஆனால் வாடகையை ரிட்டர்னில் காட்டுங்கள். வரி வராவிட்டாலும் காட்டத்தான் வேண்டும்.

வரியே இல்லை என்றதும் பில்களைத் தூக்கிப் போடத் தோன்றுவது இயல்பு. வடசென்னையில் நான் பார்த்த குடும்பங்கள் அதிகம் இழந்தது இந்த இடத்தில்தான். அவர்கள் செய்த செலவுக்கு வரியில் ஒரு இடம் இருந்தது. ஆனால் செலவு செய்த வருடத்தில் அது கண்ணுக்குத் தெரியாது, வீட்டை விற்கும் வருடத்தில்தான் தெரியும். இன்னொன்றையும் கவனியுங்கள். மேலே சொன்ன 12 லட்சத் தள்ளுபடி, வீடு விற்ற ஆதாயத்தின் மீது வரும் வரியைத் தொடாது. சம்பளத்துக்கு வரி பூஜ்யமாக இருந்த அதே ஆளுக்கு விற்ற வருடத்தில் லட்சக்கணக்கில் வரி வரும்.

உங்கள் வீட்டையே எடுத்துக்கொள்வோம். கணக்கு புரிவதற்காக 2025-26-இல் 90 லட்சத்துக்கு விற்றதாக வைத்துக்கொள்கிறேன். அப்பா 1984-இல் கட்டிய வீடு என்பதால், அவர் போட்ட பணத்துக்குப் பதிலாக 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். செட்டில்மென்ட் வழியாக வந்ததால் அவருடைய அடக்க விலை உங்கள் அடக்க விலையாகிறது. அந்த 2001 மதிப்பு, பத்திரப்பதிவுக்கு அரசு வைத்திருந்த அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது என்பது நிபந்தனை. அது 9 லட்சம் என்று வைப்போம். விலைவாசி ஏற்றத்துக்கு ஏற்ப அடக்க விலையை உயர்த்திக் காட்ட அரசு ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரு குறியீட்டு எண் தருகிறது. 2001-02-க்கு அது 100, 2025-26-க்கு 376. ஆக 9 லட்சம் 33.84 லட்சமாகிறது. 2016-17-இல் எடுத்த மாடிக்கு எண் 264. அந்த 14 லட்சம் 19.94 லட்சமாகிறது. வீட்டை உயர்த்திய 2024-25-க்கு 363. அந்த 6 லட்சம் 6.21 லட்சமாகிறது. கூட்டினால் ஏறத்தாழ 60 லட்சம். ஆதாயம் 30 லட்சம், 20 சதவீத வரி 6 லட்சம்.

குறியீடு போடாமல் பார்த்தால் செலவு 29 லட்சம், ஆதாயம் 61 லட்சம், 12.5 சதவீதத்தில் வரி 7.62 லட்சம். 2024 ஜூலை 23-க்கு முன் கைக்கு வந்த நிலம், கட்டடம் என்றால், இந்தியாவில் வசிக்கும் தனிநபர் இந்த இரண்டில் குறைந்த வரியைக் கட்டினால் போதும். ஆகவே 6 லட்சம்.

இதே வீட்டை, மாடிக்கும் உயர்த்தியதற்கும் எந்தக் காகிதமும் இல்லாமல் விற்றால் என்ன ஆகும்? குறியீடு போட்டால் ஆதாயம் 56.16 லட்சம், வரி 11.23 லட்சம். போடாவிட்டால் ஆதாயம் 81 லட்சம், வரி 10.12 லட்சம். குறைந்தது 10.12 லட்சம். வரிக்கு மேல் வரும் செஸ், சர்சார்ஜ் இரண்டு பக்கமும் சேர்க்கவில்லை. சேர்த்தால் இடைவெளி இன்னும் கூடும். மகன் தூக்கிப் போடச் சொன்ன காகிதத்தின் மதிப்பு 4 லட்சத்துக்கு மேல், சகோதரி.

இனி, எந்தச் செலவு இந்தக் கணக்கில் ஏறும், எது ஏறாது என்று பார்ப்போம். வீட்டில் இல்லாத ஒன்றைப் புதிதாகச் சேர்த்தாலோ, அமைப்பை நிலையாக மாற்றினாலோ அது மேம்பாடு. இருந்ததை இருந்த நிலைக்குக் கொண்டுவந்தால் பழுது பார்த்தல். மாடி எடுத்தது முதல் வகை, அதில் கேள்வியே இல்லை. பெயின்ட், பட்டி பார்த்தது, பெயர்ந்த பூச்சைத் திரும்பப் பூசியது எல்லாம் இரண்டாவது வகை. நம் பக்கம் கடல் காற்றில் கம்பி துருப்பிடித்துத் தளத்தின் அடியில் சிமென்ட் பெயர்ந்து விழுவது எல்லா வீட்டிலும் உண்டு. துருவைத் தேய்த்து மருந்தடித்துப் பூசினால் அது பழுதுதான். ராயபுரத்தில் இன்னும் மிச்சமிருக்கும் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு ஒன்றில் உத்திரக் கட்டைகளை எல்லாம் இறக்கிவிட்டுப் புதிதாக கான்கிரீட் தளம் போட்டால், அதை மேம்பாடு என்று தயங்காமல் எழுதுவேன். சமையலறையில் சுவரோடு பதித்துக் கட்டிய அலமாரியையும் மேடையையும் சேர்க்க வாதம் உண்டு. சிம்னி, பிரிட்ஜ், ஏசி போன்றவற்றைச் சேர்க்காதீர்கள்.

வீட்டை உயர்த்தியது எந்த வகை? இந்தக் கேள்வி என்னிடம் மிக்ஜாமுக்குப் பிறகு அடிக்கடி வருகிறது. சாலையை ஒவ்வொரு முறை போடும்போதும் வீடு ஒரு படி கீழே போகிறது, அடுத்த மழையில் தண்ணீர் உள்ளே வருகிறது. கொருக்குப்பேட்டையில் ஒரு வீட்டை உயர்த்தும்போது நானே போய் நின்று பார்த்தேன். அடித்தளத்தை ஒட்டிப் பள்ளம் தோண்டி, சுவரின் அடியில் இரண்டடி இரண்டடியாகச் செங்கல்லை எடுத்துவிட்டு, இரும்புச் சட்டத்தைக் கொடுத்து, அதன் கீழே வரிசையாக ஜாக்கிகளைச் செருகியிருந்தார்கள். மேஸ்திரி விசில் ஊதினதும் ஒவ்வொருவரும் தன் பங்கு ஜாக்கிகளை ஒரே அளவு திருப்பினார்கள். வீடு அசைந்தது என்றே தெரியவில்லை. சுவரில் சாக்பீஸால் போட்டிருந்த கோடு மட்டும் விரல் அகலம் மேலே போயிருந்தது. வேண்டிய உயரம் வந்ததும் அடியில் புதிதாகச் சுவர் எழுப்பி, கான்கிரீட் பெல்ட் போட்டு, உள்ளே மண் நிரப்பித் தரை போடுகிறார்கள்.

அதைப் பார்த்தவர் யாரும் பழுது பார்த்தல் என்று சொல்ல மாட்டார். அந்த வீட்டுக்கு முன்பு இல்லாத ஒரு அடித்தளம் வந்திருக்கிறது. அந்தப் பலன் அடுத்து வாங்குகிறவர் வரைக்கும் போகும். ஆகவே மேம்பாட்டுச் செலவு என்று காட்டுவதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து. ஆனால் விற்ற பிறகு ரிட்டர்னைப் பார்க்கும் அதிகாரி கொருக்குப்பேட்டைக்கு வந்து விசில் சத்தத்தைக் கேட்கப் போவதில்லை. அவர் முன்னால் இருப்பது காகிதம் மட்டும். உங்கள் ஒப்பந்தக்காரர் கொடுத்த சீட்டில் 'வீட்டு வேலை, ரூ. 6,00,000' என்று மட்டும் இருந்தால் அது உங்களைக் காப்பாற்றாது. எத்தனை அடி உயர்த்தியது, புதிய சுவர், பெல்ட் கான்கிரீட், மண் நிரப்பியது, தரை என்று விவரமாக எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள். இரண்டு வருடம் ஆனாலும் பரவாயில்லை, ஆளைத் தேடிப் பிடியுங்கள். ஒப்பந்தம், வங்கி வழியே பணம் போன பதிவு, வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள், முடிந்தால் ஒரு பட்டயப் பொறியாளரின் சான்று, இவை எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். பெயின்ட் செலவையும் உயர்த்திய செலவோடு சேர்த்து எழுதித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒரு வரி பொய்யானால் மீதி வரிகளையும் அதிகாரி நம்ப மாட்டார்.

காகிதம் என்று சொல்லும்போது ஒரு சம்பவம் நினைவுக்கு வருகிறது. காலடிப்பேட்டையிலிருந்து ஒரு பெரியவர் மஞ்சப்பை நிறைய பில் கொண்டுவந்தார். பத்து வருடம் பத்திரமாக வைத்திருந்தவர். ஒவ்வொன்றாகப் பிரித்து மேசையில் வைக்கிறேன், பாதிக்குப் பாதி வெள்ளைக் காகிதம். டைல்ஸ் கடை, ஹார்டுவேர் கடை மெஷினில் வரும் வழவழப்பான சீட்டு அது. சூடு பட்டால் எழுத்து மங்கிவிடும். நம் ஊர் வெயிலில் பீரோ மேல் வைத்தால் எத்தனை நாள் தாங்கும்? அவர் ஒரு சீட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, இதுதான் சார் கம்பி வாங்கினது என்றார். கடையின் பேர்கூடத் தெரியவில்லை. அவருக்கு என்னால் செய்ய முடிந்தது கொஞ்சம்தான். நீங்கள் இன்றைக்கே எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்து, ஒரு செட் ஜெராக்ஸும் போட்டு வையுங்கள்.

கூலிக்கு பில் ஏது என்று கேட்பீர்கள். சனிக்கிழமைச் சம்பளத்துக்கு யாரும் ரசீது தர மாட்டார்கள்தான். ஒரு லாங் சைஸ் நோட்டில் வாரவாரம் தேதி, கொத்தனார் எத்தனை பேர், சித்தாள் எத்தனை பேர், கொடுத்த தொகை என்று எழுதி, மேஸ்திரியிடம் கையெழுத்து வாங்கினால் போதும். அந்தச் சனிக்கிழமைக்கு முன்தினம் வங்கியிலிருந்து அதே அளவு பணம் எடுத்த பதிவும் இருந்தால், அது நல்ல சாட்சி. பணம் எங்கிருந்து வந்தது என்று காட்ட முடியாத செலவை வருமானமாக எடுத்துக்கொண்டு அதன் மீது வரி போடச் சட்டத்தில் வழி இருக்கிறது. உறவுக்காரரிடம் கைமாற்று வாங்கினாலும் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்காதீர்கள். வங்கி வழியாகவே வரட்டும்.

பில் போடாமல் வாங்கினால் ஜிஎஸ்டி மிச்சம் என்று சில மேஸ்திரிகள் சொல்வதும் உண்டு. கையில் மிச்சமாகத் தெரிவதால் மனசு அங்கேதான் போகும். ஆனால் பொருளுக்கு பில் இல்லாத வீட்டில், அந்தப் பொருளை வைத்துச் செய்த கூலியையும் நம்ப வைப்பது கஷ்டம். டைல்ஸ் உடைந்தால் கடையில் போய்ப் பேசவும் வாய் இருக்காது. 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட்டுக்கு வரி 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. இனிமேல் வேலை செய்கிறவர்கள் முழு பில்லுடனே வாங்கலாம்.

2016 மாடிக்கு பில் கிடைக்கவில்லை என்றால் மனம் தளர வேண்டாம். திட்ட அனுமதி, மாடிக்குத் தனி கரண்ட் மீட்டர் வாங்கிய ரசீது, சொத்து வரி திருத்தி விதித்த உத்தரவு, அந்த வருட பாஸ்புக், பிஎஃப் பணம் எடுத்திருந்தால் அதன் கடிதம் இவற்றைத் தேடுங்கள். மாடி எந்த வருடம் வந்தது என்பதையும் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் இவை காட்டும். பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் அறிக்கை அதற்கு மேல் துணை. 2001 மதிப்புக்கும் அவர் அறிக்கை வேண்டும், விற்கும் வரை காத்திராமல் இப்போதே வாங்கிவிடுங்கள். அப்பா 2001 ஏப்ரலுக்குப் பிறகு போர் போட்டது, காம்பவுண்ட் சுவர் எழுப்பியது போன்றவற்றுக்குச் சீட்டு இருந்தால் அதுவும் உங்கள் கணக்கில் சேரும். அதற்கு முந்தியவை சேராது.

குறியீட்டை எந்த வருடத்திலிருந்து போடுவது என்பதில் ஒரு தகராறு இருந்தது. உங்கள் கைக்கு வந்த 2009-இலிருந்தா, அப்பா வைத்திருந்த காலத்திலிருந்தா? அன்பளிப்பாக வந்த சொத்து ஒன்றில், முன் உரிமையாளர் வைத்திருந்த காலத்திலிருந்தே போடலாம் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2011-இல் சொன்னது. நான் மேலே போட்ட கணக்கு அந்த வழியில்தான். இன்னொரு விஷயம், வட்டியை வாடகையில் கழித்துவிட்டு, அதே வட்டியை விற்கும்போது வீட்டின் அடக்கத்திலும் ஏற்ற முடியாது. 2023 நிதிச் சட்டம் அதை அடைத்துவிட்டது.

விற்ற பணத்தில் இன்னொரு வீடு வாங்கப் போகிறீர்கள் என்றால் 54-ஆம் பிரிவு இருக்கிறது. ஆதாயம் அளவுக்கு இரண்டு வருடத்துக்குள் வீடு வாங்கினாலோ மூன்று வருடத்துக்குள் கட்டினாலோ வரி விலக்கு. விற்கும்போது வழிகாட்டி மதிப்பில் ஒரு கண் இருக்கட்டும். அது விற்ற விலையைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால் வழிகாட்டி மதிப்பையே விலையாக எடுத்துக்கொள்வார்கள். 50 லட்சமும் அதற்கு மேலும் என்றால் வாங்குகிறவர் ஒரு சதவீதம் பிடித்துக் கட்டுவார், ரிட்டர்னில் சரிசெய்துகொள்ளலாம். 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் நடைமுறை என்பதால், நான் சொன்ன பழைய சட்டத்தின் பிரிவு எண்கள் அதில் வேறு. படிவத்தில் எண் வேறாக இருந்தால் பதற வேண்டாம்.

கடைசியாக மாநகராட்சி. மாடி எடுத்ததைத் தண்டையார்பேட்டை மண்டல அலுவலகத்தில் பதிவு செய்து சொத்து வரியைத் திருத்திக்கொண்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. செய்யவில்லை என்றால் இந்த மாதமே செய்யுங்கள். குடிநீர் வாரியத்தின் வரியும் அந்த மதிப்பீட்டை வைத்துத்தான் வருகிறது. கொஞ்சம் பாக்கி கட்ட வேண்டியிருக்கலாம். ஆனால் 14 லட்சத்துக்கு மாடி எடுத்தேன் என்று வருமான வரியில் சொல்லிவிட்டு, மாநகராட்சிப் பதிவில் தரைத்தளம் மட்டும் இருந்தால் எந்தப் பக்கம் போவது? வரி திருத்தியானதும் ஏப்ரலிலும் அக்டோபரிலும் முதல் முப்பது நாளுக்குள் கட்டிவிடுங்கள், ஐந்து சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. அந்த ரசீதையும் அதே கோப்பில் வையுங்கள்.